அண்ணன் கையில் சாவி

கம்பிக் கதவுக்குள் இரும்புச் சங்கிலி இழுபடும் சத்தம். மீஞ்சூரில் நான் குடியிருக்கும் தெருக்கோடியில் ஒரு கிடங்கு இருக்கிறது. அதன் காவலாளி தினமும் சங்கிலியை இழுத்துப் பூட்டுகிறார். கரகரவென்று ஓடிவந்து கடைசியில் சின்னதாக ஒரு டக். அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். தலை பாதி நரைத்தாயிற்று. ஆனாலும் அந்த டக் கேட்டதும் கால்கள் ஓடப் பார்க்கின்றன. முழங்கால்வரை சேறு அப்பிக்கொண்டது போலக் கனக்கின்றன. எங்கே ஓடுவது? அந்தப் பள்ளிக்கூடமே இன்று இல்லை.

கோட்டைப் பள்ளி என்போம் அதை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த மேட்டை ஒட்டி நின்றது. கோட்டை எப்போதோ போய், முள்ளும் செங்கல் பொடியும்தான் மிச்சம். அவர்களுடைய கல்லறை மட்டும் சேதாரமில்லாமல் இருந்தது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள், கல்லில் செதுக்கியவை, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். படகுத்துறையிலிருந்து பள்ளிக்கு அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எங்களுடையது பசியாவரம். நாலு பக்கமும் தண்ணீர். எட்டாவதோடு எங்கள் தீவில் படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஏரியைத் தாண்ட வேண்டும். பையன்கள் தாண்டினார்கள். பெண் பிள்ளைகளில் அந்த வருஷம் தாண்டியது நானும் என் மாமன் மகளும் மட்டும். அண்ணன் ஏற்கெனவே அங்கே பத்தாவதுக்குப் போயிருந்தான் என்பதால் எங்கள் நைனா என்னை அனுப்பச் சம்மதித்தார். மாமன் லேசில் மசியவில்லை. அம்மா அழுது, மாமி அழுது, கடைசியில் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"போவட்டும். ஆனா ஒரே ஒரு நாளு பள்ளிக்கூடத்துல வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வெய்யி, அன்னியோட சரி. என் பொண்ணு பட்டப்பகல்ல கரையில போக்கத்து நிக்கறத ஊரு பாக்கக் கூடாது."

அவளுக்கு அது போதும். முறைப்படி என் அண்ணனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியவள். அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள், அதுவும் வேண்டுமென்றே ஊர் கேட்கும்படி. அவன் காது சிவக்கும். படகில் கழி ஊன்றுவதில் பையன்களுக்குச் சமமாக நிற்பாள். தண்ணீரில் நின்றுகொண்டே வாய்ப்பாடு சொல்லுவாள். டீச்சராகித் தீவுக்கே திரும்பி வந்து அங்கே ஒன்பதாவது ஆரம்பிக்கப்போவதாக எங்களுக்கெல்லாம் அறிவித்திருந்தாள்.

"என் பள்ளிக்கூடத்துல மொதல்ல படகு வரும். அப்பறம்தான் பெல்லு. இன்னா சொல்ற?"

நான் என்ன சொல்வேன். அவள் டீச்சர் என்றால் நானும் டீச்சர்.

புதுப் பள்ளியின் முதல் நாள் என்றால் எனக்குச் சேறுதான். தண்ணீர் இறங்கிய காலையில் படகு துறைக்கு எட்டாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ள வேண்டும். கழுவிக்கொள்ள நேரமிருக்காது. பளபளவென்று பெருக்கிவைத்த வராண்டாவில் எங்கள் கால்கள் வரிசையாகக் கறுப்பு முத்திரை குத்திக்கொண்டு போகும். நெல் விளைகிற உள்பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். "சேத்துக்காலு வந்துட்சிடா." வகுப்பு வாத்தியார் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தீவு, எழுந்திரு. தீவு, பதில் சொல்லு. எங்கள் கால்தடத்தை நாங்களே துடைக்க வேண்டும். துடைக்கத் துடைக்க, துடைக்கிறவளின் தடம் விழும். மாமன் மகளுக்கு அது ஒரு தமாஷ்.

காற்று எதிர்த்தால் தாமதம். தாமதித்தால் கதவு பூட்டியிருக்கும். கல்லறைக்குள் போய், யாரோ ஒரு டச்சுச் சீமானின் நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டு, புரியாத எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டு காத்திருப்போம். முதல் பீரியட் முடிந்ததும் கதவு திறக்கும். உள்ளங்கையில் ஒரு அடி. உள்ளே போகலாம். கணக்கு அதோடு தீர்ந்தது.

அப்போதுதான் புதுத் தலைமையாசிரியர் வந்தார்.

அவர் அடிக்கவில்லை. குரலை உயர்த்தவே இல்லை. வந்த வாரமே பிரம்புகளையெல்லாம் வாங்கி ஒடித்துக் குப்பையில் போட்டார். பிரேயரில் நின்று, இனிமேல் உங்களை நீங்களே ஆளப்போகிறீர்கள் என்றார். அதுவரை மாணவர் தலைவர் என்பது வாத்தியார்கள் கைகாட்டுகிற யாரோ ஒரு நெல்லுக்காரர் வீட்டுப் பையன். இனி தேர்தல். தலைவர் கையில்தான் மணியும் கதவுச் சாவியும். ஒரே ஒரு சட்டம் மட்டும் அவரே போட்டார். கதவு பூட்டினால் பூட்டியதுதான். பூட்டின பிறகு வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும். அடிதான் கிடையாதே என்று சிரித்தார்.

அடி இல்லை என்று நாங்கள் கைதட்டினோம். மாமன் மகள் மட்டும் தட்டவில்லை.

"ஏய், திருப்பி அனுப்பிடுவாங்களாம்டி," என்றாள் என் காதில்.

அன்று மத்தியானமே கல்லறையில் கூட்டம் கூடியது. தீவுப் பிள்ளைகள் ஒரு பக்கம். லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். நாங்கள் ஏரி, அவர்கள் கடல். முகத்துவாரத்தில் யார் வலை போடுவது என்று எங்கள் நைனாமார்களும் அவர்கள் நைனாமார்களும் எப்போதும் மல்லுக்கு நிற்பார்கள். அந்தச் சண்டை பெஞ்சுவரை வரும். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கைதூக்கினால் பள்ளிக்கூடத்தில் யாரும் எதிர்த்து நிற்க முடியாது என்பது அன்று முதல் தடவையாக எங்களுக்கு உறைத்தது. யாருக்குத் தூக்குவது? அவர்கள் பக்கம் ஏழுமலை. எங்கள் பக்கம் அண்ணன். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை.

எங்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். ஏரியில் மீன் கூடுகிற இடம் கொஞ்சம்தான். வலிமை உள்ளவன் அதையே பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். இந்தத் தடவை இவன், அடுத்த தடவை அவன். அதற்குப் பெயர் பாடு; கல்யாணமான ஆம்பளைகளுக்குத்தான் அதில் பங்கு. பாடு முடிந்தால் கேட்காமலே வலையைச் சுருட்டிக்கொண்டு இடத்தைவிட்டு விலக வேண்டும். எதையும் இப்படித்தான் பங்கிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். வேறு எப்படிப் பங்கிடுவார்கள்?

ஏழுமலை ஒரு கிளிஞ்சலைக் கொடுத்தான். அண்ணன் வலையில் கோக்கிற ஈயக்குண்டு ஒன்றைக் கொடுத்தான். இரண்டையும் துணியில் முடிந்து குலுக்கினார்கள். எடுக்கிற வேலை மாமன் மகளுக்கு. அவள் எடுத்தது ஈயக்குண்டு.

"கண்ண மூடிக்கினு எடுத்தியா, கையால தடவிப் பாத்து எடுத்தியா?" என்று குப்பத்துப் பையன்கள் கத்தினார்கள்.

"கல்யாணம் ஆனவனுக்குத்தாண்டா பாடு. மொதல்ல இவனுக்கு ஒரு தாலியக் கட்டி உடுங்க!"

"பொண்ண வேற எங்கியாச்சும் தேடணுமா இன்னா?"

அவள் கிளிஞ்சலை வீசியடித்தாள். அது எந்த டச்சுக்காரன் மண்டையிலோ பட்டுத் தெறித்தது. சிரிப்பு அடங்கியதும் பேச்சு முடிந்தது. காலாண்டுப் பரீட்சைவரை அண்ணன் பாடு. அதற்கப்புறம் ஏழுமலை. அதற்கப்புறம் மறுபடி சீட்டு. யார் பாடாக இருந்தாலும் படகு வந்து சேரும்வரை கதவு திறந்திருக்க வேண்டும். அண்ணன் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

தேர்தலில் நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கைதூக்கியபோது ஏரியிலிருந்து பறவைக் கூட்டம் எழும்பினது போல இருந்தது. நெல்லுக்காரர் பிள்ளைகள் திரும்பித் திரும்பி எண்ணிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் சிரித்தார். எங்களுக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நூலில் கோத்த சாவியை அவரே அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கொஞ்ச நாள் அது ஒரு நல்ல காலம். அண்ணன் விடியலில் மீன் ஏற்றுகிற படகில் தொற்றிக்கொண்டு முன்னாடியே போய்விடுவான். மணி அடிப்பான். சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் படகு வருகிறதா என்று பார்த்தபடி நிற்பான். யாராவது வாத்தியார் கேட்டால், "சங்கிலி சிக்கிக்கிச்சி சார்." நாங்கள் ஓடிவந்து உள்ளே நுழைந்ததும் சிக்கல் தானாக அவிழ்ந்துவிடும்.

"அதுக்கு எண்ண கிண்ண போட்டுடாத மாமா," என்று அவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள்.

அப்புறம் என்ன ஆயிற்று, எந்த நாளில் ஆயிற்று, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தான். எங்களோடு கல்லறையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டான். தலைமையாசிரியர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார். பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் அத்தனை பேரும் தீவாகவே இருந்தோம். அவன் ஒருவனுக்குத்தான் பேர் இருந்தது. பையன்கள் 'பெரிய தௌலத்து காட்டறான்டா' என்றார்கள். எனக்குக் கோபம் வரும். பொறாமை பிடித்த கழுதைகள் என்று திட்டுவேன்.

தலைமையாசிரியர் எங்களுக்குச் சரித்திரம் எடுத்தார். நன்றாக எடுத்தார், பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கோட்டை மேட்டைக் காட்டிக் கேட்டார்.

"டச்சுக்காரங்க இங்க இருந்தது கொஞ்சம் பேரு. நம்ம ஜனம் எத்தனை! எப்படிச் சமாளிச்சாங்க?"

அவரே சொன்னார்.

"கோட்டைக் கதவுல உள்ளூர்க்காரனக் காவலுக்கு நிறுத்தினாங்க. அவ்வளவுதான்."

எங்கள் ஆள்தான் கதவில் நின்றானாம் என்று நாங்கள் பெருமையாகச் சிரித்தோம். மாமன் மகள் எழுந்தாள்.

"அவன உள்ள உட்டாங்களா சார்?"

நல்ல கேள்வி, உட்காரு என்றார். பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி அப்போது அசட்டுக் கேள்வியாகப் பட்டது. காவலுக்கு நிற்கிறவன் உள்ளே போய் என்ன செய்யப்போகிறான்?

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. அன்று ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய வந்திருந்தான். பிரேயர் முடிந்ததும் அண்ணன் அவனிடம் போய்க் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்தான். அண்ணன் முகம் தொங்கித்தான் இருந்தது. ஆனாலும் வைத்தான். அதை நான் பார்த்தேன், சொல்லிவிட வேண்டும். எங்கள் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சுற்றி நின்று கைதட்டினோம்.

தலைமையாசிரியர் வராண்டாவிலிருந்து இறங்கி வந்தார். என்ன இது என்றார். பாடு மாறுது சார் என்று பத்துப் பேர் ஒரே குரலில் விளக்கினோம். அவருக்குச் சொல்லித்தருகிறோம் என்ற உற்சாகம் வேறு. அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வாத்தியார்கள் சிரித்தார்கள். நெல்லுக்காரர் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"தலைவர் பதவி என்ன மீன் பிடிக்கிற குட்டையா, ஆளுக்கு ஒரு நாள் இறங்கறதுக்கு? ஒரு வருஷம். சட்டம்னா சட்டம்."

ஏழுமலையின் கையிலிருந்து சாவியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தார்? எனக்கு அது ஒரு யுகம். அண்ணன் கை உயர்ந்தது. வாங்கிக்கொண்டது.

ஏழுமலை அங்கேயே காறித் துப்பினான். "பேமானிங்களா. பாட்ட முழுங்கற ஊருடா உங்க ஊரு."

எங்கள் பக்கத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கொலைகாரன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். அண்ணன் சாவி நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.  அன்று சாயங்காலமே சங்கிலி சிக்குகிற கதை தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்க வேண்டியதே இல்லை.

அடுத்து வந்த நாட்களில் காற்று எங்கள் பக்கம் இருந்தது. படகு பறந்தது. ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டோம். பிறகு ஒரு காலை வாடை எழும்பியது. தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகு நடு ஏரியில் சேற்றில் தட்டி நின்றது. எல்லாரும் குதித்துத் தள்ளினோம். அவள் முன்னால் நின்று இழுத்தாள். காலைப் பிடுங்கினால் சேறு பிடித்துக்கொள்ளும், விட்டால் மூழ்கும். கரை ஏறி, ஈரப் பாவாடை காலில் சுற்ற, ஓடினோம். கல்லறைப் பக்கம் வரும்போது மணி அடித்தது.

கதவு தெரிந்தது. இன்னும் திறந்திருந்தது. அண்ணன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால், கைகளைப் பின்புறம் கட்டிக்கொண்டு தலைமையாசிரியர். அதற்கும் பின்னால் பிரேயருக்கு நின்ற மொத்தப் பள்ளிக்கூடம், வரிசை வரிசையாக. ஏழுமலையும் அவன் ஆட்களும் திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியரின் குரல் மெதுவானதுதான். ஆனால் அந்த அமைதியில் எங்களுக்கே கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி. தலைவர் நீ. திறந்து வெக்கிறதும் பூட்டுறதும் உன் இஷ்டம்."

அண்ணன் எங்களைப் பார்த்தான். அவள்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டுகூட இருந்தாள் என்று நினைக்கிறேன், அவன்தானே நிற்கிறான் என்று. அவள் கை கம்பியைத் தொடவும் சங்கிலி ஓடவும் சரியாக இருந்தது. கரகரவென்று, எந்தச் சிக்கலும் இல்லாமல்.

அப்புறம் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் போனார்கள். நான் எங்கள் நைனாவிடம் திட்டு வாங்கினேன், மறுநாள் போனேன். மாமன் மகளைத் திட்டவே இல்லை. மாமன் சரி என்றார், அவ்வளவுதான். அவள் புத்தகப் பை பரணுக்குப் போனது. அவள் கையால் தடவி இறால் பிடிக்கப் போனாள், கழுத்தளவு தண்ணீரில், பனையோலைக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு. வாயில் கூடை இருந்தால் பேச முடியாது. அண்ணன் மாமன் வீட்டுக்குப் போன அன்று, "தலைவர் வந்திருக்காரு, பாயப் போடுங்க" என்றார் மாமன். அந்தப் பாயில் அவன் உட்காரவில்லை. வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் அவனுக்குத் தன் கைப்பட நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொடுத்தார். அதைக் கொண்டு ஒரு கம்பெனியில் ஆள் மேய்க்கிற வேலைக்குப் போனான். பெண் கேட்டு அம்மா போனபோது, "என் பொண்ண வெளிய நிக்க வெச்சவனுக்கா?" என்று மாமன் கேட்டாராம். அவளை ஏரிக்கு வடக்கே, தெலுங்கு பேசுகிற ஊர் ஒன்றில் கொடுத்தார்கள். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளும் நானும் அதற்கப்புறம் சாவு வீடுகளில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

நான் முதலில் அண்ணனை வெறுத்தேன். அப்புறம் ஏழுமலையை. அப்புறம் வாடைக் காற்றை. மெதுவாகப் பேசுகிற அந்த மனுஷரை வெறுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷம் சரித்திரத்தில் முதல் மார்க் வாங்கியதற்கு அவர் கையால் பரிசு வாங்கினேன். பூட்டியது யார் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் அண்ணன் பேரைத்தான் சொல்லியிருப்பேன். மொத்தப் பள்ளிக்கூடமும் அதைத்தான் சொல்லியிருக்கும். அதற்காகத்தான் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார் என்று புரிய எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

ஆனால் அன்று காலை, துறையில், இவை ஒன்றும் நடந்திருக்கவில்லை. படகைத் திருப்பிக்கொண்டிருந்தோம். நான் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவள் கழியை எடுத்து ஊன்றி நின்றாள். அப்போது அண்ணன் ஓடிவந்தான். சுவர் ஏறிக் குதித்திருக்க வேண்டும், முழங்கையில் ரத்தம். தண்ணீருக்குள் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

"உங்க நைனாகிட்ட நான் வந்து பேசறேன். நாளைக்கு வந்துடு. நாளைக்கு நான் எப்படியாச்சும்..."

பள்ளிக்கூடத்தில் மறுபடி மணி அடித்தது. அடிக்க வேண்டியவன் இங்கே நிற்க, வேறு யாரோ அடித்தார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தான். கை படகைத்தான் பிடித்திருந்தது, தலை மட்டும் திரும்பியது. அவள் அந்தத் தலை திரும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கழியைக் குத்தினாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்று நான் நிம்மதியாகப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"பெல்லு அடிக்குது பாரு மாமா. நீ போ. உன்ன தேடுவாங்க."